மதாம் லியோனிக்குப் போட்ட மாலை

கதவு என் மூக்குக்கு முன்னால் படாரென்று சாத்தப்பட்டது.

என் கையில் ஒரு கேக் பெட்டி. பெட்டிக்குள் வெள்ளையும் சிவப்புமாகப் பெரிய கார்னேஷன் பூமாலை. கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் பாரிஸ் நகரமே எழுந்து நின்று கைதட்டிய பெண்மணி, மதாம் லியோனி. "நான் மேடைக்கு வரமாட்டன். சனத்தை வீட்டுக்கு அனுப்புங்கோ!" என்று உள்ளேயிருந்து கத்துகிறார்.

சனமோ வந்துகொண்டிருக்கிறது. பக்கத்து ஊரான லொங்குய்யிலிருந்து வயதானவர்களை ஏற்றிவந்த பஸ்கள் தியேட்டர் வாசலில் நிற்கின்றன. என் மனைவி ஸ்ரெல்லாவும் அவளுடைய கோயில் சிநேகிதிகளும் காஞ்சிபுரம் சேலைக்கு மேல் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டாவது வரிசையில் இடம்பிடித்துவிட்டார்கள்.

பிள்ளைகளே, டோர்வல் விமான நிலையச் சமையலறையில் நான் தட்டுக் கழுவிய கதையைப் போன வாரம் வாசித்திருப்பீர்கள். அது நித்திரை வருகிற கதை என்று என் மூத்த மகளே சொல்லிவிட்டாள். இது அப்படியில்லை. இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

இறகு தூக்கிற உத்தியோகம்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. மொன்றியலில் பனி கரைந்து, தெருவோரமெல்லாம் கறுத்த தண்ணீர் ஓடும் காலம். சென் கத்தரின் தெருவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பழைய தியேட்டரில் நிலம் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

அங்கே மேடை வேலைகளுக்குப் பொறுப்பாக ஜில் என்று ஒரு கியூபெக்காரன் இருந்தான். பெரிய மீசை. தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிப்பான். ஒருநாள் என்னிடம் வந்து, "அந்துவான், உனக்கு ஏணியில ஏறப் பயமோ?" என்று கேட்டான். என் பெயர் அந்தோனி. பிரெஞ்சுக்காரர் வாயில் அது அந்துவான் ஆகிவிடும்.

"பயமில்லை. கோயில் பெருநாளுக்கு நான்தான் கூரையில ஏறிச் சோடிக்கிறனான்."

"நல்லது. இனி ஒரு பொம்பிளையைச் சோடிக்கப் போறாய்."

அப்படித்தான் எனக்கு இறகு தூக்கும் உத்தியோகம் கிடைத்தது. கம்பியில் செய்த ஒரு சட்டம். அதில் விசிறிபோல விரிந்த தீக்கோழி இறகுகள். நீங்கள் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டுவதுபோல அதை மதாம் லியோனி மாட்டிக்கொள்ள வேண்டும். தனியாக மாட்ட முடியாது. ஜில் ஒரு பக்கம், நான் மறுபக்கம் பிடித்து மாட்டி, வாத்தியக்காரர் மேளத்தில் ஓங்கித் தட்டும் அந்த நொடியில் கையை எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் ஸ்ரெல்லா என் கோட்டை உதறுவாள்.

"பூசைக்குப் போடுற கோட்டில கோழிச் செட்டை ஒட்டிக்கிடக்கு!"

"கோழியில்லையப்பா, தீக்கோழி."

"கோழி எண்டால் கோழிதானே. தீயில வாட்டினால் என்ன, வாட்டாட்டில் என்ன?"

படிக்கட்டில் இறங்குவதும் ஒரு கலை

மியூசிக் ஹோல் என்றால் என்னவென்று சொல்லாமல் மேலே போகக்கூடாது. ஒரு மாலைப்பொழுதில் பாட்டு இருக்கும், கூட்டாக ஆடுகிற பெண்கள் இருப்பார்கள், தட்டுக்களை எறிந்து பிடிக்கிறவர், கோமாளி, கணக்குப் போடுகிற நாய்கூட இருக்கும். எல்லாம் முடிந்தபின் மேடையின் நடுவில் உயரமான படிக்கட்டு ஒன்று வெளிச்சத்தில் மினுங்கும். அதன் உச்சியில் நட்சத்திரம் தோன்றுவார். பாடிக்கொண்டே இறங்குவார்.

இறங்குவதில் என்ன பெரிய வேலை என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் மேடையில் ஒருவரும் இல்லாதபோது ஏறி நின்று பார்த்தேன். உச்சியிலிருந்து பார்த்தால் படியே தெரியாது, வெறும் பள்ளம்தான் தெரியும். காலைப் பார்க்கவும் கூடாது. சனத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். குதிக்கால் பின்படியில் உரசும் அந்தச் சின்னத் தொடுகையை மட்டும் நம்பி அடுத்த காலை வைக்க வேண்டும். நான் இரண்டு படி இறங்கிவிட்டு, மிச்சத்தை உட்கார்ந்தபடியே இறங்கினேன்.

"முதல் முறை நானும் அப்பிடித்தான் இறங்கினனான்," என்று இருட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. மதாம் லியோனி! முழங்கால் நோவுக்கு ஊன்றும் கைத்தடியோடு மேடையோரப் பக்கத்திரைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். உடைகளுக்குப் போடும் பூச்சி உருண்டையும் முகப்பவுடரும் கலந்த வாசம். கண்களில் மட்டும் வயதே இல்லை.

நாளைக்கும் விழு!

லியோனி வர்னே பிறந்தது லு ஆவ்ர் என்ற துறைமுகப் பட்டினத்தில். தகப்பன் கப்பலில் மூட்டை இறக்குகிறவர். தாய் மாலுமிகளின் சட்டைகளைத் தோய்த்து மினுக்கிக் கொடுப்பவர். மினுக்கிய சட்டைகளைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஆட்டக் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுமி லியோனியின் வேலை. சட்டையைக் கொடுத்துவிட்டு, திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம்.

பதின்ம வயதிலேயே பாரிசுக்குப் போய்விட்டார். கட்டையான பிள்ளை என்பதால் ஆட்டக்காரிகளின் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு மாலை அந்தப் பெரிய படிக்கட்டில் எல்லாரும் இறங்கும்போது அவருடைய குதி சறுக்கியது. தடதடவென்று கீழே வந்து விழுந்தார். வாத்தியங்கள் நின்றுவிட்டன. ஆயிரம் கண்கள் அவர் மேல்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கடைசிப் படியில் உட்கார்ந்தபடியே வாத்தியக்காரரைப் பார்த்து, "ஏன் நிற்பாட்டினீங்கள்?" என்று கேட்டுவிட்டு, மிச்சப் பாட்டைத் தானே பாடி முடித்தார்!

சனம் சிரித்துச் சிரித்துக் கைதட்டியது. ஆட்டம் முடிந்ததும் கொட்டகை முதலாளி தேடி வந்தார். வேலை போய்விட்டது என்று லியோனி நினைத்தார். முதலாளி சொன்னது இரண்டே சொல்: "நாளைக்கும் விழு."

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் விழுவதே அவருடைய வேலை. விளம்பரத்தில் 'விழுகிற லியோனி' என்று போட்டார்கள். "எத்தினை மாதம் நான் குப்புறப் படுத்துத்தான் நித்திரை கொண்டனான், தெரியுமோ அந்துவான்?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் அவர் விழ மறுத்தார். உச்சியிலிருந்து நேராக, நிமிர்ந்து, காலைப் பார்க்காமல் இறங்கினார். இதோ விழப்போகிறார், அதோ விழப்போகிறார் என்று சனம் காத்திருந்தது. கடைசிப் படியில் நின்று ஒரு சிரிப்புச் சிரித்தார். விழவேயில்லை. சனம் முழுவதும் எழுந்துவிட்டது. அதன்பிறகு விளம்பரத்தில் அவருடைய பெயர்தான் எல்லாருக்கும் மேலே.

கப்பல் ஏறி கெய்ரோ, புவனஸ் அயர்ஸ் எல்லாம் போய்ப் பாடினார். மொன்றியலுக்கும் வந்தார். அவருடைய பாட்டு வானொலியில் போகாத சமையலறை கியூபெக்கில் இல்லை என்று ஜில்லின் தாய் சொல்வாராம்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. ஆட்டக் கொட்டகைகள் படமாளிகைகள் ஆயின, சில கார் திருத்தும் இடங்களாயின. நாற்பது வயதில் பாரிஸ் கொட்டகை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. எப்படி நிறுத்தினார்கள் என்று மட்டும் அவர் எனக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. சந்தை நாட்களில் பாடினார். தளபாடக் கடைத் திறப்புவிழாவில் சோபாவுக்கு மேல் ஏறி நின்று பாடினார். "சோபாவும் மேடைதான், கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்," என்பார். முதுமையில், அவருடைய சொந்தக் கதையையே பாட்டும் ஆட்டமுமாக மேடையேற்ற மொன்றியல் தயாரிப்பாளர் ஒருவர் அழைத்து வந்தார். அதில்தான் நான் இறகு தூக்கினேன்.

வெறுங்கையோடு போறதோ?

அந்தத் தயாரிப்பாளர் இளம் ஆள். நல்ல உடுப்பு. எந்த நேரமும் காதில் தொலைபேசி. எங்களைக் கண்டால் தலையாட்டுவார், ஆனால் எங்களைப் பார்த்திருக்க மாட்டார்.

மொன்றியலில், கதவு சாத்தப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு ஆட்டம் முடிகிறது. இலையுதிர்காலத்தில் கியூபெக் மாகாணம் முழுவதும் கொண்டுபோகப் போகிறார்கள். ஆனால் மதாம் லியோனியை விட்டுவிட்டு, வேறொரு இளம் பாட்டுக்காரியைப் போடப்போகிறார் என்று மேடைக்குப் பின்னால் கதை அடிபட்டது.

"படிக்கட்டை வைச்சிருப்பார், காலைத்தான் மாத்துவார்," என்றான் ஜில். முதல் தடவையாகத் தன் பகிடிக்கு அவன் சிரிக்கவில்லை.

கதை மதாமின் காதுக்கும் போய்விட்டது. சனிக்கிழமை இறகைக் கழற்றும்போது என்னிடம் சொன்னார். "அந்துவான், என்னை வீட்டில இருத்தினால் நான் செத்துப்போவன். நாளைக்கு நான் இறங்கிற இறக்கத்தைப் பார்த்து அவர் மனம் மாறவேணும்." பிறகு நாளைய ஆட்டத்துக்கு ஒரு கொத்து ரிக்கற்றுகளை என் கையில் திணித்தார். "உம்மட மனிசியையும் சிநேகிதிகளையும் கூட்டிவாரும். பலமாக் கைதட்டச் சொல்லும்."

ஸ்ரெல்லாவுக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. "இவ்வளவு பெரிய மனிசி கூப்பிட்டிருக்கிறா. வெறுங்கையோடு போறதோ? மாலை போடவேணும்!"

மொன்றியல் குளிரில் மல்லிகைக்கு எங்கே போவது? இங்கே எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கும், தேவாலயத்தில் பிள்ளைகளின் முதல்நன்மைக்கும், பெருநாளுக்கும் கார்னேஷனில்தான் மாலை கோர்ப்பார்கள். சீக்கிரம் வாடாது, இதழ் உதிராது. ஸ்ரெல்லா புரோசார்ட் பக்கக் கடையொன்றில் வாளியில் இருந்த அவ்வளவையும் வாங்கிவந்து, தடித்த நூலில் கோர்த்து, நடுவில் சரிகை நாடாவும் வைத்தாள். ஞாயிறு பூசைக்கும் மாலை வைத்த கேக் பெட்டியோடுதான் போனாள்.

தானே மேடையில் ஏறிப் போடவேண்டும் என்று நின்றாள். இங்கே அப்படி வழக்கமில்லை என்று சொல்லி நான் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் மதாமின் கதவைத் தட்டினேன். அவர் புன்னகையோடு திறந்தார். நான் மூடியைத் தூக்கினேன்.

அவருடைய முகம் பவுடருக்குக் கீழேயே வெளுத்தது. அடுத்த நிமிடம் கதவு சாத்தியாயிற்று.

ஜில் சொன்ன சேதி

சத்தம் கேட்டு ஜில் ஓடிவந்தான். பெட்டிக்குள் பார்த்தான். தலையில் கை வைத்தான்.

"கடவுளே! கார்னேஷனோ? அதுவும் இவ்வளவோ?"

"ஏன்? நல்ல பூத்தானே?"

"பிரெஞ்சுத் தியேட்டரில இதைக் கொண்டுவந்து குடுப்பினமோடா? அந்தக் காலத்தில ஆட்டம் முடியிற பருவத்தில முதலாளிமார் நடிகைமாருக்குப் பூ அனுப்புவினம். ரோசாப்பூ வந்தால் அடுத்த வருசமும் வேலை. கார்னேஷன் வந்தால் வீட்டுக்குப் போ எண்டு அர்த்தம். பாரிசில மதாமை நிற்பாட்டினதும் அப்பிடித்தான். ஒரு கொத்துக் கார்னேஷன். ஒரு சொல்லும் சொல்லேல்லை."

நான் பெட்டி மூடியைச் சாத்தினேன். ஒரு கொத்துக்கே அப்படி என்றால், நான் கொண்டுபோனது ஒரு பெட்டி!

கதவில் வாயை வைத்துச் சொன்னேன். "மதாம், இதை ஒருத்தரும் குடுத்துவிடேல்லை. என்ர மனிசி கட்டினது."

"மனிசியின்ர பேரைச் சொல்லி ஒளியாதையும்! அந்தத் தயாரிப்பாளர்தான் உம்மட்டைக் குடுத்து விட்டவர். நேர வந்து சொல்லத் துணிவில்லை. போய்ச் சொல்லும், இண்டைக்கே வேலையால நிண்டிட்டன் எண்டு!"

இனி ஒரே ஒரு வழிதான். பார்வையாளர் பக்கம் ஓடினேன்.

ஸ்ரெல்லா வந்தாள்

"என்ன, பூ பிடிக்கேல்லையாமோ?" ஸ்ரெல்லா நடந்த நடையில் மேடைப் பலகை அதிர்ந்தது. "விடியப்புறம் எழும்பிக் கோர்த்தனான்! ஒவ்வொரு விரலிலும் ஊசி குத்தினது!"

"மெதுவாக் கதையுமப்பா, அவ அழுறா."

"அழுறாவோ? ஏனாம்?"

நான் விளக்கம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, கதவைக் கையால் மூன்று தட்டுத் தட்டினாள். பிரெஞ்சில் அவளுக்குத் தெரிந்தது வணக்கத்துக்குப் போன்ஜூரும் நன்றிக்கு மெர்சியும்தான். ஆகவே முதலில் "போன்ஜூர், மதாம்!" என்றாள். மிச்சத்தைத் தமிழில் கொட்டினாள்.

"உங்களை ஆர் போகச் சொன்னது? நாங்கள் இதை வாறவைக்குத்தான் போடுறது! கதவைத் திறந்து என்ர விரலைப் பாருங்கோ!"

உள்ளே அழுகை நின்றது. புரியாத பாஷையில் தன்னை அதட்டுகிறது யார் என்று பார்க்க ஆசை வந்திருக்க வேண்டும். கதவு ஒரு சாண் திறந்தது. ஸ்ரெல்லா இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள். மதாம் அந்த விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவதான் கட்டினவவோ?"

"ஓம், மதாம்."

"உங்கட ஆக்கள் இதை ஆருக்குப் போடுறது?"

நான் கேட்டுச் சொல்ல, ஸ்ரெல்லா விரல்விட்டு எண்ணினாள். "மாப்பிள்ளை பொம்பிளைக்கு, சுவாமிக்கு, ஊரிலயிருந்து வாற பெரிய ஆக்களுக்கு…"

"செத்தவைக்கும்…" என்று நான் தொடங்கினேன். ஸ்ரெல்லா என் இடுப்பில் கிள்ளினாள். "உதை மொழிபெயர்க்காதேங்கோ!"

மதாம் யோசித்தார். பிறகு அவருடைய வாயின் ஒரு ஓரம் மெல்ல மேலே போனது. "முதலாளிமாருக்கும் போடுவினமோ?"

"பின்னே? விழா எண்டால் அவையைத்தானே முதல் மேடைக்குக் கூப்பிடுறது!" என்றாள் ஸ்ரெல்லா.

"நல்லது," என்று மதாம் கண்ணீரைத் துடைத்தார். "பெட்டியைப் பக்கத்திரைக்குள்ள வையுங்கோ. ஜில், இறகைக் கொண்டா."

இறக்கம்

மேளம் உருண்டது. படிக்கட்டின் உச்சியில் நானும் ஜில்லும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விளக்குச் சூட்டில் முகம் எரிந்தது. ஓங்கி ஒரு தட்டு. கையை எடுத்தோம்.

பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது இறகுகள் மட்டும்தான். ஒவ்வொரு படியாகக் கீழே தாழ்ந்துகொண்டு போயின. நடுவழியில் அவை நின்றுவிட்டன. முழங்கால்! ஜில் என் மணிக்கட்டை இறுக்கினான். பாட்டும் நின்றது.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவரின் குரல்: "விழு, லியோனி!" இன்னொருவர், "விழு! விழு!" லொங்குய் பஸ்களில் வந்தவர்கள் பழசை மறக்கவில்லை. சபை முழுவதும் அன்பாகச் சிரித்தது.

மதாம் ஒற்றை விரலைத் தூக்கி ஆட்டினார். மாட்டேன்! அந்தச் சிரிப்பிலேயே முழங்காலுக்கு மூச்சு வந்திருக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்தபடி கடைசிப் படிவரை போய்ச் சேர்ந்தார்.

நான் படிக்கட்டுக்குப் பின்னால் இருந்த ஏணியால் குதித்து ஓடிவந்து பக்கத்திரைக்குள் நின்றேன். சனம் எழுந்து நின்று தட்டியது. மதாம் கையைக் காட்டித் தயாரிப்பாளரை மேடைக்குக் கூப்பிட்டார். அவரும் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சிரித்தபடி வந்து குனிந்தார். மதாம் பக்கத்திரைக்குள்ளிருந்து நான் நீட்டிய பெட்டியைத் திறந்து மாலையைத் தூக்கி அவருடைய கழுத்தில் போட்டார்.

உடனே, "கார்னேஷன்!" என்று ஒரு கிழவி கூவினார். சபை வெடித்துச் சிரித்தது. மதாம் ஒலிவாங்கியில் தெளிவாகச் சொன்னார். "மிஸ்யூ, உங்கட சேவைக்கு நன்றி. இண்டையோட உங்களை நான் நிற்பாட்டிறன்."

எங்கள் பெண்களுக்கு அது எங்கே விளங்கியது? பெரிய மனிதருக்கு மரியாதை நடக்கிறது என்று எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார்கள்.

தயாரிப்பாளரின் காது சிவந்தது. மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் அதை மதாமின் கழுத்திலேயே போட்டுவிட்டார். இரண்டாவது வரிசையிலிருந்து ஸ்ரெல்லாவின் குரல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது:

"ஐயோ, மாலை மாத்திட்டினமடி! கலியாணமெல்லோ முடிஞ்சுது!"

திரை விழுந்த பிறகும் வெளியே தட்டுதல் நிற்கவில்லை. "லியோனி! லியோனி!" என்று காலால் நிலத்தை உதைத்தார்கள். தயாரிப்பாளர் மேடையின் நடுவில் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மதாமிடம் வந்தார்.

"மதாம், என்னைத் திரும்ப வேலைக்கு எடுப்பீங்களோ?"

"யோசிக்கலாம். என்ன வேலை தெரியும் உமக்கு?"

"இலையுதிர்காலத்தில உங்களை ஊரூராய்க் கூட்டிக்கொண்டு போவன். எந்த ஊரில தொடங்குவம்?"

மதாம் லியோனி ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"நல்லாக் குளிருற ஊரில. அங்கதான் சனம் கை விறைக்காமல் இருக்கிறதுக்காக நிற்பாட்டாமல் தட்டும்."